மூன்றாவது பெஞ்ச்

"பெத்த அப்பனை ஊர் சுத்திக் காட்டறேன்னு கூட்டிட்டு வந்து, பாக்க வேண்டிய இடமெல்லாம் காட்டி முடிச்சிட்டு, கடைசியா டவர் வாசல்ல உக்கார வெச்சிட்டுப் போயிட்டான் மேடம். அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்."

"கிடைச்சா என்ன பண்ணுவே?"

"அதே டவர் உச்சிக்குக் கூட்டிட்டுப் போவேன். போறப்ப ரெண்டு பேரும் லிஃப்ட்ல. வர்றப்ப நான் மட்டும் லிஃப்ட்ல."

மீட்டரின் இந்த மாதிரிப் பேச்சுக்கு ஊசியம்மாவின் உதட்டோரம் கொஞ்சமாவது அசைவது வழக்கம். இன்று அசையவில்லை. முதியோர் இல்லத்தின் இரண்டாவது மாடியில், ஒரு இரும்புக் கட்டிலின் மேல் நான்கு டிக்கெட்டுகளைச் சீட்டுக்கட்டு போல் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களில் ஓட்டை போட்டுப் போட்டு 'ஊசியம்மா' என்று பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் வைத்தார். மீட்டர் அவருடைய உதவியாளன். நாற்பத்தைந்து வயது, அதில் பத்தொன்பது வருஷம் இந்த ஊரில் டாக்ஸி ஓட்டியே கழிந்தது. வண்டியை விற்ற பிறகும் வாய் மட்டும் நிற்காமல் ஓடியதால் 'மீட்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஜன்னலோர நாற்காலியில் பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பது வயசு இருக்கும். வெளுத்த நீலச் சட்டை, நன்றாகச் சவரம் செய்த முகம். அறையில் பேசிக்கொண்டிருப்பது தன்னைப் பற்றித்தான் என்பது தெரியாமல், வந்தவர்களுக்கு மரியாதையாகத் தலையசைத்தார்.

"ஒன்பது நாளாச்சு," என்றார் இல்லத்துப் பொறுப்பாளர் அம்மா. "சாயங்காலம் டவர் வாசல்ல, பெஞ்ச்ல உக்காந்திருந்தாராம். பேரு கேட்டா சிரிக்கிறார். ஊரு கேட்டாலும் சிரிக்கிறார். போலீஸ்ல 'கைவிடப்பட்டவர்'னு எழுதிக் கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. இந்த வருஷம் அந்த டவர்கிட்ட இவர் மூணாவது ஆள். அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

"சட்டைப் பையில வேற என்ன இருந்தது?"

"இந்த நாலு டிக்கெட் மட்டும்தான். கண்ணாடித் தோட்டம், மீன் காட்சிசாலை, மெழுகுச் சிலைக் கூடம், ராட்டினம்."

"வெளியூர்க்காரன் இந்த ஊர்ல எதைப் பாக்கணும்னு கேட்டா நான் இதையேதான் சொல்வேன்," என்றான் மீட்டர். "டவர் டிக்கெட் மட்டும் இல்ல பாருங்க. விட்டுட்டு ஓடறதுக்கு டிக்கெட் எதுக்குன்னு மிச்சம் பிடிச்சிட்டான்."

ஊசியம்மா டிக்கெட்டுகளை விரலால் தட்டினார். "நாலும் முதியோர் சலுகை டிக்கெட். வயசுக்கு அடையாள அட்டை காட்டாம இது கிடைக்காது. அந்த அட்டை எங்கே?"

"எடுத்துட்டுப் போயிட்டான். அட்டை இருந்தா அட்ரஸ் தெரிஞ்சிடுமே."

"நேரத்தைப் பாரு. மீன் காட்சிசாலை பதினொண்ணு பத்து. மெழுகுக் கூடம் ஒரு மணி. ராட்டினம் ரெண்டு அம்பது."

மீட்டர் யோசித்தான். அவனுக்கு இந்த இடங்கள் எல்லாம் அத்துப்படி. "பதினொரு மணிக்கு ஸ்கூல் பசங்க கிளம்பிடுவாங்க. ஒரு மணின்னா எல்லாரும் சாப்பாட்டுக்குப் போற நேரம். ரெண்டு அம்பதுக்கு வெயில்ல ராட்டினத்துக்கிட்ட ஈ காக்கா இருக்காது. புரிஞ்சிடுச்சு மேடம்! ஆள் இல்லாத நேரமாப் பாத்துக் கூட்டிட்டுப் போயிருக்கான். யாரும் மூஞ்சியை ஞாபகம் வெச்சுக்கக் கூடாதுல்ல?"

"இருக்கலாம்."

ஊசியம்மா எழுந்து, பெரியவரிடம் ஜாடையில் அனுமதி கேட்டு, சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். கம்பெனி லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஒட்ட வெட்டப்பட்டிருந்தது.

"பாத்தீங்களா?" மீட்டரின் குரல் உயர்ந்தது. "தடயத்தைக் கூட வெட்டியிருக்கான், படுபாவி!"

ஊசியம்மா அந்த இடத்தையே விரல் நுனியால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு காலரைப் பழையபடி மடித்துவிட்டு, "உங்கப்பா இப்ப யார்கிட்ட இருக்கார் மீட்டர்?" என்று கேட்டார்.

"அண்ணன் வீட்ல. ஏன் மேடம்?"

"கடைசியா எப்ப பாத்தே?"

மீட்டர் ஆபீஸ் கார் சாவியைத் தேடுவது போல் நாலு பைகளையும் துழாவினான். சாவி அவன் கையிலேயே இருந்தது.

மற்ற மூன்று இடங்களிலும் வருகிறவர்களை எடுக்கும் போட்டோவை ஒரு வாரத்தில் அழித்துவிடுவார்கள். மீன் காட்சிசாலையில் மட்டும் ஒரு மாதம் வைத்திருப்பார்களாம். போட்டோ கவுண்டரில் இருந்த பெண் தேதியையும் நேரத்தையும் தட்டியதும் திரையில் நீல வெளிச்சமாய் ஒரு படம் வந்தது.

தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை. அதற்கு மேல் ஒரு பெரிய மீன் வயிற்றைக் காட்டி நீந்துகிறது. பெரியவர் வாய் பிளந்து அதைக் கையால் காட்டுகிறார். பக்கத்தில் நாற்பது வயது சொல்லக்கூடிய ஒருவன். முன் தலையில் முடி கொட்டியிருந்தது. தோள் பையை முதுகில் போடாமல் மார்பில் மாட்டியிருந்தான், இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும் என்பதற்காக. அவன் மீனையும் பார்க்கவில்லை, கேமராவையும் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிக்கினான்," என்றான் மீட்டர். "மூஞ்சியைப் பாருங்க, பச்சைப் புள்ளை மாதிரி வெச்சிருக்கான். இதை ஊர் பூரா ஒட்டினா ரெண்டு நாள்ல ஆளைத் தூக்கிடலாம்."

"இவங்களா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்கே," என்றாள் கவுண்டர் பெண். "கூட்டமே இல்ல அப்ப. அந்தத் தாத்தா என்கிட்ட வந்து, 'என் பையன் சின்ன வயசுல மீன் காட்டு, மீன் காட்டுன்னு அழுவான். அப்ப முடியல. இப்பத்தான் கூட்டிட்டு வந்தேன்'னு சொன்னார். நான் பக்கத்துல நின்ன மகனைப் பாத்தேன். 'ஆமாங்க, அப்பாதான் கூட்டிட்டு வந்தார்'னு அவரும் சொன்னார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. படத்தைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கறேன்னு போனாங்க. வரல."

"எப்படி வருவான்?" என்றான் மீட்டர். ஆனால் வழக்கமான வேகம் இல்லை.

"இங்க ஏதாவது விட்டுட்டுப் போனாங்களாம்மா?"

அந்தப் பெண் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தாள். இரண்டு குடை, ஒரு குழந்தைத் தொப்பி, ஒற்றைச் செருப்பு. அடியில் நாலாக மடித்த ஒரு கோடு போட்ட தாள். "அன்னைக்குக் கூட்டிப் பெருக்கறப்ப கிடைச்சது. யாரோடதுன்னு தெரியல. அழகான கையெழுத்து, தூக்கிப் போட மனசு வரல."

ஊசியம்மா தாளைப் பிரித்தார். மீட்டர் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தான். மேலே 'அப்பாவோடு ஒரு நாள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது.

காலை 9.30, கண்ணாடித் தோட்டம். சக்கர நாற்காலி கேட்டால் தருவார்கள். கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வரும், கேட்க வேண்டாம்.

11.10, மீன். பள்ளிப் பிள்ளைகள் போன பிறகு. கழிப்பறை வாசலிலேயே இருக்கிறது.

1.00, மெழுகுச் சிலை. சிலை என்று முன்பே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் எல்லாரிடமும் பேசுவார்.

2.50, ராட்டினம். மூடிய பெட்டி. கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

4.30, டவர். மேலே வேண்டாம், தலைசுற்றும். கீழே மூன்றாவது பெஞ்ச், அந்த நேரத்தில் அதில் மட்டும்தான் நிழல். தண்ணீர்க் கடை எதிர்ப்பக்கம், ரோடு தாண்ட வேண்டும்.

6.00, படகு. இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இடது பக்கம் உட்கார வேண்டும்.

8.40, ரயில்.

மீட்டர் பத்தொன்பது வருஷமாக இந்த ஊரைச் சுற்றிக் காட்டியவன். எந்த இடத்தில் எது பெரியது, எது உயரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். எந்த பெஞ்சில் எத்தனை மணிக்கு நிழல் விழும் என்று அவனை யாரும் கேட்டதில்லை. அவனுக்கும் தெரியாது.

"சட்டைக் காலர்ல லேபிளை வெட்டியிருந்ததுன்னு குதிச்சியே," என்றார் ஊசியம்மா. "வெட்டின இடத்துல ஒரு மெல்லிசுத் துணி வெச்சு உள் தையல் போட்டிருக்கு. லேபிள் கழுத்துல உறுத்தும்னு வெட்டியிருக்கான். ஓரமும் உறுத்தக் கூடாதுன்னு தெச்சிருக்கான். விட்டுட்டுப் போறவன் தைப்பானா?"

"அப்ப ஏன் மேடம் திரும்பி வரல?"

"வண்டியை எடு."

டவர் வாசலில் கூட்டம் கழுத்தை ஒடித்து மேலே பார்த்துக்கொண்டிருந்தது. ஊசியம்மா கீழேயே பார்த்துக்கொண்டு நடந்தார். மூன்றாவது பெஞ்ச். அதற்கு நேர் எதிரே எட்டு வரிசையாக வண்டி ஓடும் ரோடு. அந்தப் பக்கம் ஒரு பெட்டிக்கடை, வெளியே கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டி.

சிக்னலுக்குக் காத்திருந்து தாண்ட நாலு நிமிஷம் ஆனது. கடைக்காரரிடம் ஊசியம்மா போட்டோவை நீட்டினார்.

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். உடனே கழற்றிவிட்டார்.

"நீங்க இவருக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவங்க."

"இத்தனை நாள் கழிச்சா வர்றீங்க?" அவர் குரலில் கோபம் இருந்தது. "ரெண்டு பாட்டில் தண்ணி கேட்டார். ஒண்ணு ஜில்லுன்னு, ஒண்ணு சாதா. அப்பாவுக்கு ஜில்லுன்னு ஆகாதுன்னார். எடுத்துத் திரும்பறேன், இந்த இடத்துல, இதே இடத்துல, நெஞ்சைப் பிடிச்சிட்டுக் கீழே உக்காந்துட்டார். நான்தான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். பேச்சு வரல. அந்தப் பக்கமே கையைக் காட்டிட்டு இருந்தார். டவரைக் காட்டறார்னு நினைச்சோம்."

"பை? போன்?"

"கையில ஒண்ணும் இல்லீங்க. தண்ணி வாங்கற காசு மட்டும்."

மீட்டர் திரும்பி ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். பையை அப்பாவின் மடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறான். அடையாள அட்டைகள், போன், எல்லாம் அதில். யாரும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் மடியிலிருந்து ஒரு பையை எடுத்துக்கொண்டு போக ஒருத்தனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"போலீஸுக்குக் கூடவா இது தெரியல?" என்றான் மெதுவாக.

"இந்த ரோடுதான் எல்லை," என்றார் கடைக்காரர். "அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன். இந்தப் பக்கம் வேற ஸ்டேஷன்."

அப்பா ஒரு ஸ்டேஷன் ஃபைலில் 'கைவிடப்பட்டவர்'. மகன் இன்னொரு ஸ்டேஷன் ஃபைலில் 'பெயர் தெரியாத ஆண்'. நடுவில் எட்டு வரிசை ரோடு.

மருத்துவமனையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் சிஸ்டர் போட்டோவைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மூணாவது நாள் காலைல இறந்துட்டார். அதுக்கு முன்னாடி நினைவு வர்றதும் போறதுமா இருந்தார். தொண்டையில குழாய். ரெண்டாவது நாள் குழாயை எடுத்தப்ப ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். 'மூணாவது பெஞ்ச், மூணாவது பெஞ்ச்'னு."

ஊசியம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"வீட்டு ஆளுங்க யாரோ வெளியில காத்துட்டு இருக்காங்கன்னு நினைச்சேன். ஓடிப் போய் வராண்டாவில மூணாவது பெஞ்சைப் பாத்தேன். யாருமே இல்ல. கீழ் மாடியிலயும் பாத்தேன். அப்புறம் அவர்கிட்ட வந்து..." சிஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவர்கிட்ட வந்து, 'அங்க யாரும் இல்லைங்க'ன்னு சொல்லிட்டேன். என்னையே பாத்துட்டு இருந்தார். அப்புறம் பேசவே இல்ல."

"உங்க மேல தப்பு இல்லம்மா," என்றார் ஊசியம்மா.

"அந்த பெஞ்ச் எங்கே இருந்தது?"

ஊசியம்மா சொன்னார். சிஸ்டர் கேட்டிருக்கவே வேண்டாம் என்று மீட்டருக்குத் தோன்றியது.

உடல் பிணவறையில்தான் இருந்தது. எட்டு நாள் வைத்திருப்பார்கள். யாரும் உரிமை கோரவில்லை என்றால் நகராட்சி எடுத்துப் புதைத்துவிடும். நாளைக் காலையோடு எட்டு நாள்.

வெளியே வந்ததும் மீட்டர் தூணில் சாய்ந்து நின்றான். காலையிலிருந்து அந்த மனிதனைப் பற்றித் தான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவன் காதிலேயே திரும்ப விழுந்துகொண்டிருந்தது.

"மேடம், பெரியவர்கிட்ட சொல்ல வேண்டாம். அவருக்குத்தான் எதுவும் நிக்கறதில்லையே. தெரியாமலே இருந்துட்டுப் போகட்டும்."

"சொல்லாம விட்டா நாளைக்குக் காலைல இந்தப் புள்ளையைப் பேர் இல்லாமப் புதைப்பாங்க. நம்பர் போட்டு."

"நாம வேற வழியில கண்டுபிடிக்கலாமே."

"ஒரு ராத்திரிக்குள்ளயா? எதை வெச்சு?" ஊசியம்மாவின் குரல் தழுதழுத்து மீட்டர் கேட்டதில்லை. "பெத்தவர் உசுரோட இருக்கார். அவர் பாக்காம அந்தப் புள்ளை போகணுமா? எனக்கும் பயமாத்தான் இருக்கு மீட்டர். நீயே போய்க் கூட்டிட்டு வா."

மீட்டர் போனான். பெரியவருக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டான். மாடிப்படி இறங்கும்போது முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வண்டியில் முன் சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டான். வழி நெடுக பெரியவர் ஜன்னல் வழியே உயரமான கட்டடங்களை ரசித்துக்கொண்டு வந்தார். ராட்டினம் தெரிந்ததும் மட்டும் திரும்பி, "அதுல ஏறினோம்," என்றார். ஒன்பது நாளில் அவர் வாயிலிருந்து வந்த முதல் ஞாபகம் அது. மீட்டர் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தச் சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை அவரைப் பார்க்க விட்டான்.

பிணவறையில் குளிர் அடித்தது. ஊழியர் துணியை மார்புவரை இறக்கினார்.

பெரியவர் பார்த்தார். மீட்டர் அவர் தோளைத் தாங்கிக்கொள்ளத் தயாராகப் பின்னால் நின்றான். பெரியவர் சாயவில்லை. ஒரு அடி முன்னால் போய், மகனின் நெற்றியில் புறங்கையை வைத்தார். ஜுரம் பார்ப்பது போல. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. பிறகு இறங்கியிருந்த துணியைத் தானே மேலே இழுத்து, கழுத்துவரை போர்த்தி, இரண்டு பக்கமும் செருகிவிட்டார்.

எதிர் மேஜையில் எழுத்தர் ஃபாரத்தை எடுத்து வைத்தார். "இறந்தவர் பேரு?"

ஊசியம்மா வாயைத் திறப்பதற்குள் பெரியவர் மேஜைக்கு எதிரே போய் நின்றார். முதுகு நிமிர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்க வந்த தகப்பனைப் போல, மகனின் முழுப் பெயரையும் கணீரென்று சொன்னார். ஓர் எழுத்து பிசகவில்லை.

"பிறந்த தேதி?"

"ஒன்பதாம் மாசம், பதினொண்ணு." வருஷத்தையும் சொன்னார். "காலைல அஞ்சே முக்கால். நல்ல மழை. எடை ரெண்டே முக்கால் கிலோ. அழவே இல்ல, தட்டித்தான் அழ வெச்சாங்க."

எழுத்தர் எடையை எழுத இடம் இல்லை என்று சொல்லவில்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

"பிறந்த ஊரு?"

ஊரையும் சொன்னார், தெருவையும் சொன்னார்.

அந்தப் பெயரையும் ஊரையும் வைத்து மறுநாள் மதியத்துக்குள் ஊசியம்மா எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டார். ஆறு மணி நேர ரயில் தூரத்தில் ஒரு வாடகை வீடு. அப்பாவும் மகனும் மட்டும். கட்டட வரைபடம் போடும் வேலையில் இருந்த மகன், அப்பாவைத் தனியாக விட முடியாமல் இரண்டு மாதத்துக்கு முன் வேலையை விட்டிருந்தான். அதனால் அவனைக் காணோம் என்று தேட ஆபீஸ் இல்லை. வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்த பக்கத்து வீட்டார், ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாக வரட்டும் என்று இருந்துவிட்டார்கள். பெரியவரின் தங்கை அன்று சாயங்காலமே அழுதுகொண்டு வந்து சேர்ந்தார். அண்ணனைத் தன்னோடு வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மகனின் அடக்கம் பெயரோடு நடந்தது. மீட்டர் தோள் கொடுத்தான்.

அதெல்லாம் மறுநாள். அன்று, அந்த மேஜையில், ஃபாரத்தில் ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது.

"தகப்பனார் பேரு?" என்றார் எழுத்தர்.

பெரியவர் யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, மேஜையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, வெகுநேரம் யோசித்தார். ஊசியம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் பெரியவர் சங்கடமாகச் சிரித்தார். திரும்பி, போர்த்திய துணியின் பக்கம் கையைக் காட்டினார்.

"அதை அவன்கிட்டக் கேளுங்க. எனக்கு ஃபாரம் எல்லாம் அவன்தான் எழுதுவான்."